பழுது பார்த்தவர்
கெண்டியின் மூடி துள்ளியதைக் கண்டே ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்றுதான் பள்ளியில் நானும் படித்தேன். நடந்தது வேறு. 1736-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து வந்தார். 1763-இல் நியூகோமன் எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. ஓட்டினார், சில அடிகளிலேயே நீராவி தீர்ந்து நின்றுவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் உருளையையே குளிர்வித்து மறுபடி சூடாக்குவதில் நீராவியின் பெரும்பகுதி வீணாவதைச் சோதனைகளால் அறிந்தார். 1765-இல் வழி பிறந்தது. உருளையைச் சூடாகவே விட்டு, நீராவியை மட்டும் தனிக் கலத்தில் குளிர்விப்பது! உந்து தண்டும் உத்தரமும் நியூகோமனுடைய அமைப்பே. 1769-இல் காப்புரிமை பெற்றார். பாராளுமன்றச் சட்டத்தால் அது 1800 வரை நீண்டது. பிறர் பொறியில் பாடம் கற்றவர், தம் பொறியைத் திருத்த வந்தவர்கள்மேல் வழக்குத் தொடுத்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1819-இல் மறைந்தார். அந்தச் சிறு மாதிரி இன்றும் கிளாஸ்கோவில் இருக்கிறது.