அர்ச். எரோணிமுஸும் தானியேல் ஆகமமும்

செப்டம்பர் 30-ந் தேதி அர்ச். எரோணிமுஸ் திருநாள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் நம் வாலிபரின் கைப்பேசியில், காட்சியாகமத்தைக் காட்டி உலக முடிவுக்கு நாள் குறிக்கும் செய்திகள் ஓயாமல் வருகிற இக்காலத்தில், இவர் சரித்திரத்தில் ஒரு பாகத்தை இங்கே எழுதுகிறோம்.

சுமார் 347-ம் ஆண்டில் ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்த இவர், உரோமையில் படித்து ஞானஸ்நானம் பெற்றார். பிறகு சீரியா வனாந்தரத்தில் தபசிருக்கையில், அலையும் மனதை அடக்குவதற்கென்றே, கிறிஸ்தவரான ஒரு யூதரிடம் எபிரேயு எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினார். லத்தீன் காவியங்களில் ஊறிய நாவுக்கு அது கசந்தது. 386-ல் பெத்லேகேமில் குடியேறினார். அங்கே பரனினாஸ் என்ற யூத ஆசிரியர், தம் இனத்தாருக்கு அஞ்சி, இரவிலேதான் வந்து கற்பித்தார். தானியேல் ஆகமத்தில் ஒரு பாகம் கல்தேயா பாஷையில் இருந்தது. அதையும் கற்க முயன்று, சலித்துக் கைவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டார்.

இவ்வளவு பாடு எதற்கு? அர்ச். அருளப்பர் கண்ட கடல் மிருகம் சிறுத்தையும் கரடியும் சிங்கமும் கலந்த உருவம். அவையெல்லாம் தானியேல் 7-ம் அதிகாரத்து மிருகங்களே. தீர்க்கதரிசியை அறியாதவன் காட்சியாகமத்தில் தன் காலத்துப் பகைவனை மட்டுமே காண்பான். விக்டோரினுஸ் எழுதிய காட்சியாகம உரையைத் திருத்தியபோது, பூமியில் நடக்கப்போகும் ஆயிரவருட இராச்சியம் என்ற வியாக்கியானத்தை எரோணிமுஸ் நீக்கிவிட்டார்.

407-ல் தானியேலுக்கு உரை எழுதினார். அந்த ஆகமம் தீர்க்கதரிசனமன்று, அந்தியோக்குஸ் அரசன் காலத்தில் நடந்ததை எழுதிவைத்த நூலே என்று போர்பிரி என்னும் அஞ்ஞானி வாதித்திருந்தான். எரோணிமுஸ் கோபக்காரர், பலமாகவே மறுத்தார். ஆயினும் அவன் காட்டிய சரித்திரத்தைத் தள்ளாமல், அந்தியோக்குஸை அந்திக்கிறிஸ்துவுக்கு முன்னடையாளமாகக் கொண்டார். (நூல் உருவான காலத்தைப் பற்றி இன்றைய கத்தோலிக்க வேதவிற்பன்னர் பலர் போர்பிரியின் கணக்கையே ஏற்கின்றனர். தானியேல் அதனால் நம் வேதாகமத்தை விட்டுப் போய்விடவில்லை.)

நான்காம் மிருகம் உரோமை இராச்சியமே என்று அவ்வுரையில் எழுதியிருந்தார். மூன்றே வருஷத்தில், 410-ல், அலாரிக் உரோமையைச் சூறையாடினான். பம்மாக்கியுஸ், மார்செல்லா முதலிய நண்பர்கள் இறந்த செய்தி பெத்லேகேமுக்கு வந்தது. முடிவுக்கு நாள் குறிக்க இதைவிடத் தக்க சமயம் யாருக்கு வாய்க்கும்? அவர் குறிக்கவில்லை. அகதிகள் கூட்டங்கூட்டமாய் வந்தபோது எசேக்கியேல் உரையை ஓரமாய் வைத்துவிட்டு, அவர்களுக்கு உதவினார். பிறகு, பார்வை மங்கிய கண்களோடு, இரவில் விளக்கடியில் அதை எழுதி முடித்தார். 420-ல் அவர் மரித்தபோது எரேமியாஸ் உரை பாதியில் நின்றது.