பனிவெளியில் ஒரு குரல்

மனிதன் பிறரோடு கூடி வாழும் இயல்பினன். உணவும் உடையும் உறையுளும் குறைவின்றி அமைந்தாலும், மனம் விட்டுப் பேசுதற்கு ஒருவர் இல்லையெனின் அவன் வாழ்வு நிறைவு பெறுவதில்லை. நாள்தோறும் பலரோடும் உரையாடி மகிழும் நாம் இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதே அரிது. ஆளரவமற்ற பனிவெளியில் நெடுங்காலம் வாழ்ந்து, முன்பு பழகியறியாத ஒருவர் பேச்சினால் புதுவாழ்வு பெற்ற நான்சன் என்னும் பெரியார் இதனை நன்கு உணர்ந்தவர்.

பிரித்யோப் நான்சன் 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ என வழங்கும் நார்வே நாட்டுத் தலைநகரின் அருகே பிறந்தார். பனியின்மேல் சறுக்கிச் செல்லும் கலையில் இளமையிலேயே தேர்ச்சி பெற்றார். பின்னர் விலங்கியல் பயின்று, பெர்கன் நகரத்து அருங்காட்சியகத்தில் பணியேற்றார். 1888ஆம் ஆண்டில், தோழர் ஐவருடன் கிரீன்லாந்து என்னும் பனித்தீவைக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை கடந்து அருஞ்செயல் புரிந்தார். ஆயினும், அவ்வாண்டின் கடைசிக் கப்பலில் ஊர் திரும்ப இயலாமற் போகவே, குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. அந்நிலத்து மக்களாகிய இனுயிட்டுகளின் குடில்களுக்குச் சென்றார். அவர்தம் மொழியைப் பயின்றார். கயாக் என்னும் தோற்படகைச் செலுத்தவும் கடல்விலங்குகளை வேட்டையாடவும் கற்றார். ஏட்டுக்கல்வி மிக்க அறிஞர் ஒருவர் வேட்டுவர்முன் மாணவராய் அமர்ந்து கற்ற அக்கல்வி, பின்னாளில் அவர் உயிரைக் காத்தது.

வடதுருவக் கடலிலுள்ள பனிப்பரப்பு ஓரிடத்தில் நில்லாது நீரோட்டத்தால் மெல்ல நகர்கின்றது என்பது நான்சன் கொண்ட கருத்து. அதனை மெய்ப்பிக்க, பனி நெருக்கினாலும் நொறுங்காது மேலெழும்பும் வண்ணம் பிராம் என்னும் கப்பலைக் கட்டுவித்தார். 1893ஆம் ஆண்டு அக்கப்பல் அவரையும் தோழர் பன்னிருவரையும் தாங்கிச் சென்று, செப்டம்பர்த் திங்களில் பனியிடையே உறைந்து நின்றது. பனியோடு நகர்ந்த கப்பல் துருவத்தை அணுகாது என்று கண்ட நான்சன், 1895ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் யோகான்சன் என்னும் தோழரோடு கப்பலை விட்டு நடந்தார். 28 நாய்களும் 3 சறுக்கு வண்டிகளும் 2 கயாக்குகளும் அவர்தம் துணைகள். ஏப்ரல் திங்களில் வடக்கே 86 பாகை 14 கலை வரை சென்றனர். அதுவரை எவரும் அவ்வளவு தொலைவு வடக்கே சென்றதில்லை. அதற்கப்பால் பனி மேடுபள்ளமாய்க் குவிந்து வழிமறித்தமையால், தெற்கே பிரான்ஸ் ஜோசப் தீவுகளை நோக்கித் திரும்பினர்.

திரும்பும் வழியில் ஒரு பெருந்தவறு நேர்ந்தது. களைப்பு மிகுதியால் இருவரும் தத்தம் கடிகாரத்திற்குச் சாவி கொடுக்க மறந்தனர். இரு கடிகாரங்களும் நின்றுவிட்டன. கடிகாரம் நிற்றல் அத்துணைப் பெரிய இழப்போ எனின், ஆம்; கடலிலும் பனிவெளியிலும் செல்வோர் தாம் கிழக்கு மேற்காக எவ்விடத்தில் உள்ளோம் என்பதைக் காலக்கணக்கைக் கொண்டே அறிவர். காலத்தில் 4 நிமிடம் பிழைப்பின், இடத்தில் ஒரு பாகை பிழைபடும். நான்சன் கணக்கிட்டுக் கடிகாரத்தை மீண்டும் ஓடவிட்டார். எனினும் அக்கணக்குச் சரியோ தவறோ என்று கூறவல்லார் அங்கு எவருமில்லை. அவர்கள் கொண்டு சென்ற நிலப்படமும் கண்முன் கண்ட தீவுகளோடு பொருந்தவில்லை.

குளிர்காலம் நெருங்கவே, பெயரறியாத தீவொன்றில் கல்லும் பாசியும் கொண்டு சுவரெழுப்பி, வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தோலால் கூரை வேய்ந்தனர். அச்சிறு குடிலில் ஏறத்தாழ எட்டுத் திங்கள் கழிந்தன. கரடியிறைச்சியே உணவு, விலங்கின் கொழுப்பே விளக்கெண்ணெய். நாளின் பெரும்பகுதியை உறக்கத்திற் போக்கினர். படித்தற்கு இருந்தவை வழியறிதற்குரிய கணக்குப் பட்டியல்களே. அவற்றையே நான்சன் மீண்டும் மீண்டும் படித்தார். ஒரே உறைக்குள் உறங்கிய அவ்விருவரும், நெடுநாள்வரை ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையிலேயே அழைத்து வந்தனர் என்றும், அவ்வாண்டின் இறுதி நாளன்றே ஒருமையில் அழைத்துக்கொள்ள இசைந்தனர் என்றும் கூறுவர்.

1896ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மீண்டும் புறப்பட்டனர். சூன் திங்களில் வால்ரஸ் ஒன்று தாக்கி நான்சனுடைய படகைத் துளைத்தது. அதனைச் செப்பனிடக் கரையில் தங்கினர். சூன் 17ஆம் நாள் காலை, நான்சன் செவியில் நாய் குரைக்கும் ஒலி விழுந்தது. அத்திசை நோக்கி விரைந்தார். அங்கே மனிதக் குரலும் கேட்டது. சிறிது பொழுதில் ஒருவர் எதிர்ப்பட்டார். அவர் 1894ஆம் ஆண்டு முதல் அத்தீவுகளை ஆராய்ந்து வந்த ஆங்கிலேயராகிய பிரடரிக் ஜாக்சன். முன்பொருமுறை கண்டிருந்ததன்றி இருவர்க்கும் நெருங்கிய பழக்கமில்லை. புகையும் கொழுப்பும் படிந்து கறுத்த முகமும் நீண்ட தலைமயிரும் உடைய நான்சனை ஜாக்சன் உடனே அறிந்துகொள்ளவில்லை. கைகொடுத்து வரவேற்று, சிறிது நேரம் உரையாடிய பின்னரே இன்னார் எனத் தெளிந்து பெருமகிழ்வு கொண்டார்.

அவ்வுரையாடலால் விளைந்த நன்மைகள் பல. நான்சன் வீட்டாரைப் பற்றிக் கேட்டார். மனைவி நலமாயிருந்த செய்தியை அறிந்தார். என்றேனும் அவரைக் காண நேரலாம் என்று ஜாக்சன் காத்து வைத்திருந்த கடிதங்களும் கைக்கு வந்தன. கடிகாரப் பிழை திருத்தப்பட்டது. தாம் குளிர்காலம் கழித்த தீவு எங்குள்ளது என்பதும் தெளிவாயிற்று. தாம் கண்ட வடபகுதியின் இயல்பை நான்சன் எடுத்துரைக்க, ஜாக்சனும் பயன்பெற்றார். நிறுத்துப் பார்த்தபோது, கப்பலை விட்ட நாளினும் நான்சன் உடல் ஏறத்தாழ 10 கிலோகிராம் கூடியிருந்தது. உடல் பசித்திருக்கவில்லை, பசித்திருந்தது உள்ளமே. இச்சந்திப்பு நேராதிருப்பின், சிறு தோற்படகுகளில் ஸ்பிட்ஸ்பர்கன் தீவுகள்வரை பெருங்கடலைக் கடக்க அவர்கள் துணிந்திருப்பர். நன்றி மறவாத நான்சன், தாம் குளிர்காலம் கழித்த தீவுக்கு ஜாக்சன் பெயரையே சூட்டினார்.

ஆகஸ்டுத் திங்களில் இருவரும் ஜாக்சனுடைய கப்பலில் தாயகம் சேர்ந்தனர். சில நாள்களில் பிராம் கப்பலும் பழுதின்றி வந்தடைந்தது. பதின்மூவரும் உயிருடன் மீண்டனர்.

பின்னாளில் நான்சன் பிறர் துயர் துடைக்கும் பெரும்பணியில் ஈடுபட்டார். முதல் உலகப்போரில் சிறைப்பட்டுத் தொலைநாடுகளில் வாடிய நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 1920 முதல் 1922 வரை தாயகம் திரும்ப வழிசெய்தார். நாடிழந்தோர்க்குக் கடவுச்சீட்டு வழங்கும் முறையை 1922இல் கொணர்ந்தார். அது அவர் பெயராலேயே நான்சன் கடவுச்சீட்டு என வழங்கிற்று. அவ்வாண்டே அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. முன்பின் அறியாதவரை, நீவிர் யார் என்று அன்போடு வினவி ஏற்றுக்கொள்ளுதல் எத்துணைப் பேருதவி என்பதைப் பனிவெளியில் தாமே பெற்றறிந்தவர் அன்றோ அவர்! 1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அப்பெரியார் மறைந்தார்.

தனித்திருப்போன் எத்துணை அறிவுடையவனாயினும், தன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதைத் தானே அறிதல் அரிது. அதனைக் காட்டித் திருத்தப் பிறிதொரு கடிகாரம் வேண்டும். மக்கட் கருத்தும் அத்தகையதே. ஆகலின், வழியில் எதிர்ப்படும் அயலாரை அயலார் என்று ஒதுக்காது, இன்முகத்தோடு இரண்டொரு சொல் பேசிப் பழகுதல் வேண்டும். அச்சொல் யாருக்கு உயிர்மருந்தாகும் என்பதை யாம் முன்னரே அறியோம்.