நோயும் பாவமும்: பண்டத்தரிப்புக்கு வந்த வைத்தியர்

கடும் நோய் கண்டால் கடல் கடந்தேனும் வேலூருக்குச் சென்று வருவது யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையின் வேர்களில் ஒன்று, மாதகல் கடற்கரைக்கு அண்மையில் உள்ள பண்டத்தரிப்பு என்னும் வலிகாமத்து ஊரில் இருக்கிறது என்பதை, மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவர்களுள் எத்தனை பேர் அறிவர்? வேலூரில் 1900இல் ஒரேயொரு கட்டிலோடு பணி தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், 1820இல் பண்டத்தரிப்பில் குடியேறிய அமெரிக்க வைத்தியர். அமெரிக்கத் திருச்சபைகள் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி அவரே.

ஸ்கடர் 1793 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தின் பிரீஹோல்ட் என்னும் ஊரில் பிறந்தார். பிரின்ஸ்டன் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்றார். குருவாக வேண்டும் என்ற விருப்பத்துக்குத் தந்தையார் இணங்காமையால் வைத்தியம் பயின்று, 1813இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டமும் பெற்றார். தொழில் செழித்தது, ஹரியட் வோட்டர்பரி என்னும் பெண்ணை மணந்தார். ஒரு நாள் நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது, உலகெங்கும் கிறிஸ்துவை அறியாதோருக்காக மன்றாடும் சிறு பிரசுரம் ஒன்று கண்ணிற் பட்டது. வந்த வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பியவர், பின்னர் அந்த வாழ்க்கையையே விட்டுவிட்டார்.

1819 ஜூனில் பொஸ்டன் துறையிலிருந்து இண்டஸ் என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. கல்கத்தாவை அடைந்ததும் அவர்களுடைய கைக்குழந்தை இறந்தது. இலங்கைக்கு வந்தபின் பிறந்த அடுத்த குழந்தையும் நிலைக்கவில்லை. ஆண்டவனின் பணிக்கெனப் புறப்பட்ட இருவருக்கு, பணி தொடங்கு முன்னரே இரண்டு சிறு புதைகுழிகள். எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று கேட்க அயலவர்களுக்கும், தமக்குள்ளே கேட்டுக்கொள்ள அவர்களுக்கும் இடமிருந்தது. வேதாகமத்தின் யோபு, குர்ஆன் கூறும் ஐயூப் நபி, இருவரும் ஒருவரே. நல்லோனாகிய அவர் பிள்ளைகளையும் உடல் நலத்தையும் இழந்து கிடக்கையில், அவரது துன்பத்துக்கு அவரது பாவமே காரணம் என்று வாதிட்ட நண்பர்களைப் பற்றி வேதாகமம் விரிவாகவே சொல்கிறது. இறைவன் அந்த நண்பர்களைக் கண்டிக்கவும் செய்கிறான். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் வினவ, இருவருமல்லர் என்று இயேசு விடையளித்ததாக யோவான் எழுதுகிறார். ஸ்கடர் தம்பதியர் திரும்பிச் செல்லவில்லை.

அவர்கள் வந்த காலம் எளிதானதன்று. 1817இல் வங்கத்தில் தொடங்கிப் பரவிய வாந்திபேதி, அவர்கள் வருவதற்குச் சற்று முன்னரே இலங்கையையும் எட்டியிருந்தது. அம்மை கண்டால் அதனை அம்மாள் வருத்தம் என்றார்கள். இன்றும் அப்படியே சொல்கிறோம். பேதியும் ஒரு தெய்வத்தின் சினமாகவே கொள்ளப்பட்டது. நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல், சாதகம் பார்த்தல் ஆகியவையெல்லாம் மருந்தோடு மருந்தாக நின்றன. இதைச் சொல்லும்போது நம்மவருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே இங்கு எழுந்தவை. வள்ளுவர் மருந்துக்கென ஒதுக்கிய அதிகாரத்திலே நோய்க்குக் காரணமாகப் பாவத்தைக் கூறவில்லை. உடலின் சமநிலைக் கேட்டையும் அளவறியா உணவையுமே கூறினார். நாட்டு வைத்தியத்தில் அறிவும் இருந்தது, அறிவின் வேடம் புனைந்த மந்திரமும் இருந்தது. நோயாளியோ இரண்டையும் ஒரே பரிசாரியின் கையிலிருந்து பெற்றான்.

ஸ்கடரின் மருந்தறை இவ்விரண்டையும் பிரிக்க முயன்றது. உடல் நோய்க்கு உரியது மருந்தும் கத்தியும். பாவத்துக்கு உரியது மனந்திரும்புதல். ஒன்றை மற்றொன்றால் தீர்க்க முடியாது என்பதே அவர் சார்ந்த புரட்டஸ்தாந்து மரபின் நிலைப்பாடு. பாவத்தைக் கழிப்புக் கழித்து அகற்ற முடியாது, மற்றொருவருக்குக் காசு கொடுத்தும் அகற்ற முடியாது. செய்தவன் இறைவன் முன் ஒப்புக்கொண்டு வாழ்வைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றது அது. கிறிஸ்துவின் மீட்பு என்னும் கோட்பாட்டை ஏற்காத முஸ்லிம் வாசகருக்கும், இடைத்தரகர் இன்றி இறைவனிடம் நேரே திரும்பும் தவ்பா என்னும் எண்ணம் புதியதாகத் தோன்றாது.

எனினும் அந்தப் பிரிப்பு முழுமையானதன்று. மருந்து நாடி வந்தவர்கள் போதனையையும் கேட்க நேர்ந்தது. வைத்தியம் சுவிசேஷத்துக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிரத் தனித்து நிற்கக்கூடாது என்பது அவரை அனுப்பிய சங்கத்தின் கொள்கை. 1820இல் குருப்பட்டம் பெற்ற ஸ்கடரே அந்தக் கொள்கையின் உருவமாக இருந்தார். வலியால் துடிப்பவனிடம் மதம் பேசுவது அறமா என்ற கேள்வியை நாம் அன்றும் எழுப்பியிருக்க வேண்டும், இன்றும் எழுப்பலாம். இன்னொன்றும் உண்டு. அவரது கையிலிருந்த மேலைத்தேய வைத்தியம் அக்காலத்தில் எத்தகையது? இரத்தம் வடிப்பதும் பாதரச உப்பாகிய கலோமெலைக் கொடுப்பதும் அன்றைய சிறந்த வைத்தியர்கள் பலரது வழக்கம். பேதி நச்சுக் காற்றால் வருவதென்று கல்லூரிகளிலே விஞ்ஞானமாகவே கற்பித்தார்கள். தண்ணீரே அதன் வழி என்று லண்டனில் ஜோன் ஸ்னோ 1854இல் காட்டினார். றொபேட் கொக் 1884இல் கிருமியை இனங்கண்டார். சத்திரசிகிச்சையில் ஸ்கடரின் கத்தி பலரைக் காப்பாற்றியது உண்மை. பேதியின் முன்னால் அவரும் நம் பரிசாரியும் ஏறக்குறைய ஒரே இருளில் நின்றார்கள்.

பண்டத்தரிப்புக்குத் தெற்கே சில மைல் தொலைவில், வட்டுக்கோட்டையில், இதே போராட்டம் வேறொரு களத்தில் நடந்தது. 1823இல் அங்கு தொடங்கிய செமினரியின் அதிபர் டானியல் பூர், ஸ்கடரின் சகபாடி. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தை முன்வைத்து, அவ்வட்டாரத்துப் பஞ்சாங்க ஆசிரியர் விசுவநாத சாஸ்திரியின் கணிப்பும் பூரின் கணிப்பும் மோதின. பூரின் கணக்கே பலித்தது. ஏழு கடல்களும் மேருவும் கொண்ட புராணப் பூகோளம் பொய்த்தது, ஆகவே சமயமும் பொய்த்தது என்று மிஷனரிமார் முடிவுகட்டினர். இங்கேதான் அவர்கள் சறுக்கினார்கள். சாஸ்திரியின் பிழை நாட்கணக்கிலானதன்று. அவர் செய்ததும் கணிதமே. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1825இல், புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனனம் செய்த வாய்பாட்டைக் கொண்டே கிரகணத்தைக் கணித்ததையும், அதன் தொடக்க நேரம் நான்கு நிமிட வேறுபாட்டோடு பொருந்தியதையும் ஜோன் வாரன் பதிவு செய்திருக்கிறார். பொய்யாக இருந்தவை அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருந்த பலாபலன்கள்தாம். கொப்பர்னிக்கஸின் சூரிய மண்டலம் ராகு கேதுவை அகற்றும். அதைக்கொண்டு திரித்துவத்தை நிறுவ முடியாது. செமினரி மாணவர்கள் இதை ஆசிரியர்களைவிடத் தெளிவாகக் கண்டுகொண்டார்கள் போலும். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை வானசாஸ்திரத்தை விட்டுவிடாமலே சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தமிழருக்கு மீட்டுக்கொடுத்தார்.

கிரகணம் பற்றிய பேச்சில் முஸ்லிம் வாசகருக்கு நபிகளாரின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். அவருடைய குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் நேர்ந்தது. வானமே துக்கங் காக்கிறது என்று மக்கள் பேசினார்கள். மகனைப் பறிகொடுத்த தந்தை அந்தப் பேச்சை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார். தமக்குப் பெருமை தேடித்தரக்கூடிய மூடநம்பிக்கையை மறுப்பதற்கு இருக்கவேண்டிய நேர்மை பெரிது.

அந்த நேர்மை நம் காலத்தில் எவ்வளவு அரிதாயிற்று என்பதைக் கொரோனாக் காலத்தில் கண்டோம். காளியம்மன் அருளியதாகக் கூறப்பட்ட தேனும் சாதிக்காயும் கலந்த பாணியை வாங்க, 2020 டிசெம்பரில் கேகாலை மாவட்டத்து ஊரொன்றில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அதைச் சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அருந்தினார். மறுபுறம், நோயால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்ற கூற்று விஞ்ஞானத்தின் பெயராலேயே முன்வைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்கு இடமளித்திருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் அந்த வேதனையை அனுபவித்தன. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. அரசு முறைப்படி வருத்தம் தெரிவிக்க 2024 ஜூலை ஆயிற்று. பாணி குடித்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களிற் பலர், நிலத்தடி நீர்க் கதையைக் கேள்வியின்றி ஏற்றார்கள் என்பதையும் இங்கு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்கடரிடம் திரும்புவோம். ஆங்கிலேய ஆட்சி 1820இலிருந்து 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வருவதைத் தடுத்திருந்தது. ஆகவே இங்கிருந்த ஒரு சிலரே எல்லாப் பாரத்தையும் சுமந்தார்கள். பண்டத்தரிப்பிலேயே ஸ்கடருக்கு ஆண் மக்கள் பிறந்தார்கள். 1822இல் அங்கு பிறந்த ஹென்றி மார்ட்டின் பின்னாளில் ஆற்காடு மிஷனை நிறுவினார். 1835இல் சாவகச்சேரியில் பிறந்த இளைய ஜோன், ஐடாவின் தந்தை. ஏழு புதல்வர்களும் மிஷனரிகளானார்கள்.

1836இல் ஸ்கடர், மிரன் வின்ஸ்லோவுடன் சென்னைக்கு மாற்றப்பட்டார். வின்ஸ்லோ அங்கிருந்து தமிழ் அகராதி செய்தார். ஸ்கடரோ ஊர் ஊராகச் சென்று பிரசுரம் வழங்கினார். உடல் தளர்ந்து 1842இல் அமெரிக்கா சென்றவர், நான்காண்டுக் காலம் ஓய்வெடுக்காமல் சிறுவர் கூட்டங்களிலே பேசிவந்தார். 1849இல் ஹரியட் சென்னையில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய மருத்துவப் பணியின் தொடர்ச்சி மானிப்பாயில் சாமுவேல் கிறீன் கைக்கு வந்தது. வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கியவர் கிறீன். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

1854இல் நோயுற்ற ஸ்கடரை இளைப்பாறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். அங்கு வைன்பேர்க் என்னுமிடத்தில் 1855 ஜனவரி 13ஆம் திகதி அவர் காலமானார். மூன்று வாரம் கழித்து மானிப்பாயில் டானியல் பூர் வாந்திபேதிக்குப் பலியானார். வட்டுக்கோட்டைச் செமினரி அதே ஆண்டில் மூடப்பட்டது.