பனிக்கட்டியில் வாழ்வைப் பணயம் வைத்தவர்

இலுப்பைக்கடவைக் கரையில் விடியலில் இறக்கப்படும் மீனுக்கு ஐஸ் கிடைத்தால் அது தொலைதூரச் சந்தைக்கும் செல்லும். கிடைக்காவிடின், வெயில் ஏறுமுன் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். அன்றேல் உப்பிட்டுக் கருவாடாக்க வேண்டும். வெப்பத்தைத் தடுத்து வைக்கக்கூடியவரின் கையிலேயே விலையும் இருக்கின்றது. இவ்வுண்மையை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதன்மீது தம் வாழ்வைப் பணயம் வைத்தவர் பிரெடரிக் டியூடர். சென்னையில் ஒரு பகுதி இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’ என வழங்கப்படுவது இவரது வணிகத்தினாலேயே.

1783இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வசதியான குடும்பமொன்றிற் பிறந்த டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனிக்கட்டியை வெப்ப நாடுகளில் விற்க முனைந்தார். ஊரார் நகைத்தனர். 1806இல் கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்கு முதற் சரக்கைக் கொண்டு சென்றார். கப்பல் பத்திரமாகச் சேர்ந்தது. ஆனால், கரையில் பனிக்கட்டியைச் சேமிக்கக் களஞ்சியம் இல்லை. சரக்கு உருகியது, நட்டமே மிஞ்சியது. பின்னர் கடனுக்காகச் சிறைவாசமும் அனுபவித்தார்.

எனினும் அவர் கைவிடவில்லை. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத் தானாகவே பாயும். அதனை முற்றாக நிறுத்த இயலாது, தாமதப்படுத்தலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய வெப்பம், அதே அளவு நீரை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமானது. ஆகவே வெப்பம் நுழையும் வழியை அடைத்தால் பனிக்கட்டி நீண்டகாலம் நிலைக்கும். வைக்கோல், மரப்பட்டைத் தூள், மரத்தூள் ஆகியவற்றினிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. மரஆலைகள் கழிவென ஒதுக்கிய தூளே அவருக்குச் செல்வமாயிற்று.

1833இல் 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்ட ‘டஸ்கனி’ என்னும் அவரது கப்பல், நான்கு மாதங்கள் கடலிற் சென்று, ஏறத்தாழ 100 தொன்னைக் கல்கத்தாவிற் சேர்த்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் களஞ்சியம் எழுந்தது. கோப்பி வணிகத்தில் அவருக்கு ஏற்பட்ட பெருங்கடனைத் தீர்க்க இந்திய வருமானம் உதவிற்று. 1864இல் அவர் காலமானார்.

அவரது வணிகத்தை நாம் முற்றாகப் போற்றுவதற்கில்லை. ஏகபோக உரிமையை நாடியவர் அவர். சென்னையிலும் அந்தக் குளிர்ச்சியைப் பெரும்பாலும் ஐரோப்பியரும் செல்வருமே அனுபவித்தனர். பின்னர் நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை வந்தது. நெருப்பின் வெப்பம் இயந்திரத்தை ஓட்ட, இயந்திரம் நீரிலிருந்த வெப்பத்தை வெளியேற்றியது. அவர் நிறுவிய வணிகம் அதன்முன் நிலைக்கவில்லை. சென்னைக் களஞ்சியம் கைமாறி வசிப்பிடமாகியது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கு தங்கினார்.

தமிழரும் முஸ்லிம்களும் கடலை நம்பி வாழும் மன்னார்க் கரைக்கு இவ்வாழ்க்கை உணர்த்துவது ஒன்றுண்டு. மீனைப் பிடிப்பது பாதித் தொழிலே. அதைக் காப்பது மறுபாதி. ஐஸ் ஆலையும் நல்ல றெஜிபோம் பெட்டியும் ஒருவரது ஏகபோகமாகாது, கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகத் தொழிலாளரின் பொதுவுடைமையாக வேண்டும். அப்போதுதான் உழைத்தவரே விலை சொல்லும் நிலை பிறக்கும்.