பனங்காட்டில் எழுந்த கோயில்

மதுரையில் மீனாட்சியம்மையை வழிபட்டு வாழ்ந்தவர் சிதம்பர சுவாமிகள், குமாரதேவரின் மாணாக்கர். 17ஆம் நூற்றாண்டில் அவர் திருப்போரூரை அடைந்தபோது, பழைய கோயில் அழிந்து பனங்காடே எஞ்சியிருந்தது. பெண்பனை ஒன்றின் அடியில் முருகன் திருவுருவைக் கண்டெடுத்து, குடிசையில் வைத்து வழிபட்டார் என்பது மரபு. அவர் அரசரும் அல்லர், செல்வரும் அல்லர். எனினும் அடியவர் துணையால் பொருள் திரட்டிக் கற்கோயில் எழுப்பினார். 726 பாடல்கள் கொண்ட திருப்போரூர்ச் சந்நிதிமுறையையும் இயற்றினார்.

பாடலை அறியாதோரும் அவரை அன்றாட வழக்கங்களில் அறிவர். அப்பனையால் செய்ததாகக் கூறப்படும் கலத்தில் நைவேத்திய அரிசி இடுவர். மூலவர் தான்தோன்றி, ஆதலின் திருமுழுக்கு இல்லை, புனுகே சார்த்துவர். மாசியில் பெருவிழா நிகழும். சுவாமிகள் மறைந்தது வைகாசி விசாகத்தில்; அந்நாளில் கண்ணகப்பட்டு மடத்தில் குருபூசை நடைபெறுகிறது.