சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி

சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைக் காணாதார் நம்முள் மிகச் சிலரே. ஆயின், அதனைச் சமைத்த கை யாருடையது என வினவின், விடை கூறவல்லார் அவரினும் சிலர். மைக்கேல் ஆஞ்சலோ, லியனார்டோ முதலிய இத்தாலிய மறுமலர்ச்சிப் பெரியார்களின் பெயர்கள் நம் மாணவர் நாவிற் பயில்கின்றன. அவர்களைப் போலவே சிற்பமும் ஓவியமும் ஒருங்கே கைவந்த ஒருவர் நம் தலைநகரில் 28 ஆண்டுகள் ஆசிரியராய் அமர்ந்து பணியாற்றினார் என்பதையோ நாம் நினைப்பதில்லை. அவரே தேவிபிரசாத் ராய் சௌத்ரி.

இவர் 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்துள்ள ரங்கபூர் ஜில்லாவில், தாஜ்ஹாட் என்னும் ஊரில், ஜமீன் குடியிற் பிறந்தார். அக்காலத்தே வங்க நாட்டில் கலை புத்துயிர் பெற்று எழுந்துகொண்டிருந்தது. அவ்வெழுச்சிக்குத் தலைவராய் விளங்கிய அவனீந்திரநாத தாகூரிடமே ராய் சௌத்ரி ஓவியம் பயின்றார். ஜப்பானியரிடமிருந்து கற்றுக்கொண்ட முறையையும் தழுவி, வண்ணத்தைத் தீட்டித் தீட்டி நீரிற் கழுவி, பனிமூட்டம் போன்ற மென்மையை வருவிப்பது அப்பள்ளியின் வழக்கம். மெல்லிய உருவங்களும், கனவு போன்ற முகங்களும், புராணக் காட்சிகளுமே அதன் செல்வம். ராய் சௌத்ரியும் அம்முறையிற் பல ஓவியங்கள் தீட்டிப் பெயர் பெற்றார்.

ஆயினும் அவர் உள்ளம் அம்மென்மையில் அடங்கி நிற்கவில்லை. அவர் மல்யுத்தம் பழகியவர், வேட்டையில் விருப்புடையவர், குழலும் வாசிப்பார், வங்க மொழியிற் சிறுகதைகளும் எழுதினார். தசையின் முறுக்கையும் எலும்பின் வலிமையையும் தம் உடம்பிலேயே உணர்ந்த ஒருவருக்கு, கழுவிய வண்ணத்தின் மூடுபனி போதாமற் போனதில் வியப்பென்னை? ஹிரண்மய ராய் சௌத்ரி என்பாரிடம் சிற்பம் பயின்றார். இத்தாலிய ஆசிரியர் ஒருவரிடம் மேனாட்டு முறையையும் கற்றார். பிரெஞ்சுச் சிற்பி ரோடினுடைய படைப்புக்கள் அவர் கருத்தை ஈர்த்தன என்பது அவருடைய வெண்கல உருவங்களின் கரடுமுரடான மேனியைக் கண்டாலே விளங்கும்.

ஈண்டுச் சிற்ப முறைகளைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலே பாய்ந்தெழும் குதிரைகளைச் செதுக்கிய தச்சர், வேண்டாத கல்லை நீக்கி உருவத்தைக் கண்டனர். சுவாமிமலை ஸ்தபதியர் மெழுகில் உருவமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். ராய் சௌத்ரியோ உயிருள்ள மனிதனை எதிரே நிறுத்தி, களிமண்ணை அப்பி அப்பி உருவத்தை வளர்த்தார். நம் ஸ்தபதிக்கு அளவும் இலக்கணமும் சாஸ்திரத்தில் உள்ளன. இவருக்கோ எதிரே நின்றவன் உடம்பே சாஸ்திரம். இரண்டினுள் எது சிறந்தது என்று வழக்காடுவதில் எனக்கு விருப்பமில்லை. தெய்வத்தை வடிக்க முன்னது ஏற்றது. பசித்தவனை வடிக்கப் பின்னதே வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளிக்கு 1929-இல் ராய் சௌத்ரி தலைவராய் வந்தார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் இவரே. மரவேலை, உலோகவேலை முதலிய கைத்தொழில்களே மிகுதியாய் நடைபெற்ற அவ்விடத்தில் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் உரிய இடத்தை அளித்தார். கே. ஸி. எஸ். பணிக்கர், எஸ். தனபால், பிரதோஷ் தாஸ் குப்தா முதலியோர் அவரிடம் பயின்றவர். இவருள் பணிக்கர் 1944-இல் தம் நண்பருடன் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி, ஆசிரியர் வழியினின்று வேறான நெறியைத் தேடினார். 1957-இல் அவருக்குப் பின் அப்பள்ளியின் தலைவருமானார். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். மாணவன் தன்னைப் போல் வரையவில்லை என்பதால் ஆசிரியன் தோற்றான் ஆகான். அவனீந்திரநாதரை விட்டு ராய் சௌத்ரி விலகியதும் இவ்வாறே அன்றோ?

1943-இல் வங்க நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. சுமார் 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பர். பிறந்த நாட்டின் அத்துயரம் சென்னையிலிருந்த சிற்பியின் நெஞ்சை விட்டு அகலவில்லை. பின்னர் அவர் பசியால் நைந்த மக்களை வெண்கலத்தில் வடித்தார். ஜமீன் குடியிற் பிறந்தவர், அரசர்க்கும் பிரபுக்களுக்கும் சிலை செய்து வாழத்தக்க திறமுடையவர், 1937-இல் ஆங்கில அரசினரிடம் விருதும் பெற்றவர். அத்தகையவர் விலா எலும்பு தெரியும் வறியவனை வெண்கலத்திற்கு உரியவனாகக் கண்டதே அவர் வாழ்க்கையின் பெருந்திருப்பம் என்பது என் கருத்து. திருவிதாங்கூரில் 1936-இல் பிறந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தையும் அவர் சிற்பமாக்கினார்.

1942 ஆகஸ்டு 11-ஆம் நாள் பாட்னாவில் அரசாங்கச் செயலகத்தின்மேற் கொடியேற்றச் சென்ற மாணவர் எழுவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அவர்கள் நினைவுக்கு 1947 ஆகஸ்டு 15-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சிலை திறக்கப்பட்டது 1956-இல். கொடியேந்திய இளைஞனும், வீழ்ந்தும் வீழாமலும் அவனைத் தொடரும் தோழரும் அங்கே இன்றும் நிற்கின்றனர். இறந்தோர் நம்மொத்த வயதினர் என்பதை நினைக்குந்தோறும் உடல் சிலிர்க்கின்றது.

இனி, கடற்கரைச் சிலைக்கு வருவோம். 1959 ஜனவரி 25-ஆம் நாள், குடியரசு நாளின் முன்னாளில், அது நிறுவப்பட்டது. 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய கடற்கரை அதுவே. நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். அரையிற் சிறு துணி; வளைந்த முதுகு; ஊன்றிய கால். கலைப்பள்ளியின் மாணவர் ஒருவரும் இரவுக் காவலர் ஒருவரும் அவ்வுருவங்களுக்கு மாதிரியாய் நின்றனர் என்பர். சிற்பி அதற்கு உழைப்பின் வெற்றி என்று பெயரிட்டார். உற்று நோக்கின் பாறை இன்னும் பெயர்ந்தபாடில்லை! வெற்றியை அவர் காட்டவில்லை; வெற்றிக்கு முந்திய அந்த ஒரு கணத்தையே காட்டினார். நம் திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டிலே, லாரியிலிருந்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு முதலடி எடுத்து வைக்கும் தொழிலாளியின் கழுத்து நரம்பைக் கண்டவர்க்கு அக்கணம் இன்னதென விளக்க வேண்டியதில்லை. அச்சிலையின் மற்றொரு வடிவம் தில்லி நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. அதே 1959-இல் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் சிலையும் மெரீனாவில் எழுந்தது. அதுவும் இவர் கைவண்ணமே.

1954-இல் லலித கலா அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார். இவை பெருமைகளே, ஆயினும் அவர் மனம் இறுதி வரை களிமண்ணிலேயே இருந்தது. தண்டி யாத்திரையைக் குறிக்கும் பதினோர் உருவங்கள் கொண்ட பெருஞ்சிற்பத்தில் அவர் முனைந்திருந்தார். 1975 அக்டோபர் 15-ஆம் நாள் மரணம் அவரைத் தடுத்தது. அவர் மறைந்த பின்னரே அச்சிற்பம் தில்லியில் நிறுவப்பட்டது. 2016-இல் செல்லாததாகிய பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அதன் படம் அச்சிடப்பட்டிருந்தது. காய்கறிக் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் எத்தனையோ கைகள் அதனைப் பல்லாண்டு மாற்றிக்கொண்டன, அது யாருடைய சிற்பம் என்று அறியாமலே.