ஜோர்ஜோ மொராண்டி

ஜோர்ஜோ மொராண்டி (ஜூலை 20, 1890 – ஜூன் 18, 1964) இத்தாலியைச் சேர்ந்த ஓவியர் ஆவார். குப்பி, சாடி, கிண்ணம் முதலிய எளிய பொருட்களை வரைந்த அசையாப் பொருள் ஓவியங்களுக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

பொலோஞா நகரில் பிறந்த மொராண்டி, அந்நகரின் நுண்கலைக் கல்லூரியில் 1907 முதல் 1913 வரை பயின்றார். 1930 முதல் 1956 வரை அங்கேயே அச்சோவியம் கற்பித்தார். திருமணம் செய்து கொள்ளவில்லை. மூன்று சகோதரிகளுடன் வாழ்ந்த வீட்டில், ஓர் அறையே இவருக்குப் படுக்கையறையாகவும் ஓவியக்கூடமாகவும் இருந்தது.

ஒளியைக் கையாண்ட முறை

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் கண்ணாடியிலும் வெள்ளியிலும் தெறிக்கும் ஒளிப்புள்ளியை விரும்பித் தீட்டினர். மொராண்டி அந்தப் பளபளப்பையே விலக்கினார். குப்பிகளின் மேலொட்டிகளை அகற்றி, சிலவற்றுக்கு மங்கலான வண்ணம் பூசினார். அவற்றின் மீது படிந்த தூசியைத் துடைக்காமல் விட்டார். இதனால் சாளரத்தின் வழியே வந்த ஒளி பொருட்களின் மீது சீராகப் பரவியது. சாம்பல், வெளிர்மஞ்சள் ஆகிய நெருங்கிய நிறங்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகளைக் கொண்டே இவர் வடிவத்தைக் காட்டினார். பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் குப்பியின் விளிம்பு பின்னணியில் கரைந்து விடுகிறது. அச்சோவியங்களில் நிழலுக்குக் கோடுகளின் அடர்த்தியையும், ஒளிக்கு வெற்றுத் தாளையும் பயன்படுத்தினார்.

ஒரே குப்பி பல ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவது முதலில் சலிப்பூட்டக்கூடும். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒளியின் மாற்றம் புலப்படும்.

1957-இல் சாவோ பாவுலோ பன்னாட்டுக் கண்காட்சியில் ஓவியத்திற்கான முதன்மைப் பரிசைப் பெற்றார். இவர் பெயரிலான அருங்காட்சியகம் பொலோஞாவில் 1993-இல் திறக்கப்பட்டது.